பொன்மொழிகளின் கீழே பொருந்தாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாள்தோறும் கட்டம் கட்டி வெளியிடப்படும் பொன்மொழிகள் தொடர்பாக ஒரு வேண்டுகோள். வாய்மை, அறிவு, நல்வாழ்வு ஆகியவற்றைப் போற்றும் அந்த வரிகளின் கீழே அச்சாகும் பெயர்களில் சில, அவற்றைச் சொன்னவர்களின் பெயர்கள் அல்ல. உண்மையை வலியுறுத்தும் ஒரு வாக்கியம் உண்மையல்லாத பெயரைத் தாங்கி வருவதை அச்சுப்பிழையோடு சேர்த்து ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிர் கொடுத்தும் காப்பேன்' என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்தேர் பெயரில் வருகிறது. வால்தேர் மறைந்தது 1778இல். அவருடைய மனப்பாங்கை விளக்குவதற்காக ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906இல் அமைத்த வாக்கியம் அது. அவை தம் சொற்களே என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 'நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்ற வரியும் அந்த வடிவில் காந்தியடிகளின் எழுத்துகளில் காணப்படவில்லை. நாம் நம்மை மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்தை 1913இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அவர் எழுதினார். அதுவும் உடல்நலம் பற்றிய தொடரில், பாம்புக்கடியைப் பற்றிய பகுதியில். இந்தப் பின்னணியையும் சேர்த்து வெளியிட்டிருந்தால் எத்தனை பேர் தேடிப் படித்திருப்பார்கள்!

கருத்து நல்லதாக இருந்தால் போதாதா, யார் சொன்னால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் யார் சொன்னார் என்பது உண்மையிலேயே பொருட்டில்லை என்றால், புகழ்பெற்ற ஒருவரின் பெயரை அதன் கீழே ஏன் அச்சிட வேண்டும்? சொல்லை எடைபோடும் வேலையைப் பெயரிடம் ஒப்படைத்துவிட்டு, நாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம் என்பதே என் வருத்தம்.

சாக்ரடீஸ் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. அவர் தம் கையால் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய மாணவர்களான பிளேட்டோ, செனபோன் போன்றோர் எழுதியவற்றின் வழியாகவே அவரை அறிகிறோம். 'எனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டுமே எனக்குத் தெரியும்' என்று அவர் சொன்னதாக நாம் மேற்கோள் காட்டுகிறோம். கி.மு. 399இல், எழுபது வயதில் குற்றவாளிக் கூண்டில் நின்று அவர் பேசியதாகப் பிளேட்டோ தருவதோ வேறு. அறிவாளி என்று பெயர் பெற்ற ஓர் அரசியல்வாதியைத் தாம் கேள்விகளால் சோதித்ததை விவரித்துவிட்டு, அவர் தெரியாததையும் தெரிந்ததாக எண்ணுகிறார், நான் அப்படி எண்ணுவதில்லை, அந்தச் சிறிய அளவில் மட்டுமே நான் அவரைவிட அறிவுடையவன் என்கிறார். முதல் வாக்கியம் எந்தச் சோம்பேறிக்கும் பயன்படும் பணிவு. இரண்டாவதோ, எது எனக்குத் தெரியும், எதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு பேச்சிலும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. அந்தப் பழக்கத்தால் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டதாக அதே உரையில் அவரே கூறுகிறார். மரண தண்டனை விதிக்கப்பட்ட பின், நண்பர் கிரீட்டோ தப்பிக்க வழி செய்தபோதும் மறுத்து, அவர் நஞ்சருந்தினார். இந்த விலையை நீக்கிவிட்டு வாக்கியத்தை மட்டும் கட்டத்துக்குள் அடைத்தால், எஞ்சுவது அலங்காரமே.

ஆகவே, ஒவ்வொரு பொன்மொழியுடனும் அது எந்த நூலில், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை ஒரு வரியிலாவது தர வேண்டுகிறேன். மூலம் கிடைக்காவிட்டால் 'சொன்னவர் தெரியவில்லை' என்றே அச்சிடலாம்; நல்ல வாக்கியம் அதனால் குறைந்துவிடாது. சரிபார்க்க நேரம் போதவில்லை என்றால் நாள்தோறும் ஒன்று என்ற கணக்கைக் கைவிட்டு, வாரத்துக்கு ஒன்று வெளியிட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்