பிள்ளைகளை ஊருக்கு விடுங்கள்

கோடை விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு நடத்தும் தனியார் பள்ளி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். என் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. ஏப்ரல் கடைசியில் ஊருக்குப் போக நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு வைத்திருந்தோம். ஆண்டுத் தேர்வு முடிய நான்கு நாள் இருக்கும்போது பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. மே 20 வரை தினமும் சிறப்பு வகுப்பு, வராத பிள்ளைகளின் பெற்றோர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஊருக்கு போன் போட்டேன். "சரி, படிப்புதானே முக்கியம்" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசாததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். சின்ன வயதில் நாங்கள் மதுரையில் இருந்தோம், முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே ஆச்சி வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவோம். பெரியம்மா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தால் பதினோரு பேர். காலையில் தாமிரபரணி, மத்தியானம் நுங்கு, தின்று முடித்த நுங்குக் கூந்தலில் (நுங்கு எடுத்த வெறுங்காயில்) வண்டி செய்து தெருவெல்லாம் உருட்டுவது, ராத்திரி தட்டட்டியில் (மொட்டைமாடியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பது. இதெல்லாம் உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான்.

வற்றல் போடும் நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியுமுன்பே எழுந்து ஆச்சி பெரிய பாத்திரத்தில் அரிசிக்கூழ் கிண்டுவாள், பச்சைமிளகாயும் பெருங்காயமும் சேர்ந்த அந்த வாசனையில்தான் நாங்கள் கண் விழிப்போம். தட்டட்டியில் தாத்தாவின் பழைய வேட்டிகள் நான்கை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, பெரியவர்கள் அச்சில் பிழிந்துகொண்டே போவார்கள். வெயில் ஏறியதும் எங்களுக்குக் காக்கா விரட்டும் வேலை. முறை போட்டு இரண்டிரண்டு பேராக, கருப்புக் குடையின் நிழலில் உட்காருவோம். மேலே காய்ந்து உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் அரைகுறை வற்றலைப் பிய்த்துத் தின்பதில் தினமும் சண்டை வரும், பொழுது சாய்வதற்குள் சமாதானமும் ஆகிவிடும். மறுநாள் வேட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, துணியை மெல்ல இழுத்தால் ஒவ்வொன்றாக உரிந்து வரும். அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துவிடும். சின்னப் பிள்ளைகள் கையைப் பிடித்துப் பெரிய பிள்ளைகள் சொல்லிக் கொடுப்போம்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் என் அப்பா தவறியபோது, நடு ராத்திரியில் வண்டி எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றது அந்தக் குடைக்கடியில் என்னோடு உட்கார்ந்திருந்த மாமா மகன்தான். எங்களுக்குள் ஊர் வேறு, வசதி வேறு, வருடத்துக்கு இரண்டு போன் பேசினால் அதிகம். ஆனாலும் கூப்பிடாமலே வந்தான். என் மகளுக்கு அவன் பிள்ளைகள் வாட்ஸ்அப் படத்தில் பார்க்கும் முகங்களாகவே இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

பெற்றோர்தான் கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், போன வருடம் சம்மதக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டவன்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் போகும்போது நம் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுமோ என்ற பயம் யாரைத்தான் விட்டது? அந்தப் பயத்தை முதலில் நிறுத்த உங்களால்தான் முடியும். கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித்துறை திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. 2023-இல் வெயில் தாங்காமல் ஜூன் 1-இல் திறக்க வேண்டிய பள்ளிகளை அரசே முதலில் 7-க்கும் அப்புறம் 12-க்கும் தள்ளி வைத்தது. ஜூனிலேயே அப்படி என்றால், மே 4-இல் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் தகர ஷெட் வகுப்பில் உட்கார்ந்து எந்தப் பிள்ளையின் தலையில் திரிகோணமிதி ஏறும்?

வகுப்பே வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. அப்படியே ஏதாவது வைத்தாலும், பிப்ரவரி முதல் வாரத்திலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, கோடையில் தென்மாவட்ட ரயில்கள் காலை எட்டு மணிக்குத் திறந்து சில நிமிடத்தில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. ஏப்ரலில் நீங்கள் தேதியைச் சொன்னால் எங்களுக்கு மிஞ்சுவது ஆம்னி பஸ் மட்டும்தான். வராத பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதையும் விட்டுவிடுங்கள். தாத்தா ஆச்சியைப் பார்க்கப் போனோம் என்பதைக் குற்றம்போல நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் ஆம்னி பஸ்ஸில்தான் போனோம், நான்கே நாள். மாமா மகன் பிள்ளைகள் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். அம்மா வற்றலைப் பிழிந்து, காய வைத்து, டின்னில் போட்டு மூடியிருந்தாள். தனி ஆள் என்பதால் இந்த முறை ஒரே ஒரு வேட்டிதான் விரித்தாளாம். என் மகள் ஒரு வற்றலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல துணி தடம் இருக்கே, எப்படி ஆச்சி உடையாம எடுத்தீங்க?" என்று கேட்டாள். அம்மா வாயால் சொல்லித்தான் பார்த்தாள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா