என் முழங்காலை மடக்க வைத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கும், எங்கள் தாமான் சொந்தங்களுக்கும், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் வேலை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது கைத்தடி இல்லாமல் சந்தைக்குப் போய் வருகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் "எந்த டாக்டர் செஞ்சாரு?" என்றுதான் கேட்கிறார்கள். டாக்டருக்கு என் முதல் கும்பிடு. ஆனால் நன்றி அவரோடு நின்றுவிடக் கூடாது. அதற்காகத்தான் காந்தி கலாசாலையில் படித்த என் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன்.

மேட்டுக்காட்டில் நிரை பிடித்து ரப்பர் பால் வெட்டிய கால் இது. இரண்டு பக்கமும் வாளி தொங்க, காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிய கால். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, உதிரிப்பழம் பொறுக்க நாள் முழுக்கக் குந்தி எழுந்த கால். தைலமும் வலி மாத்திரையுமாகப் பல வருடம் ஓட்டினேன். கடைசியில் எக்ஸ்ரே படத்தில் டாக்டர் தொட்டுக் காட்டினார். நடுவில் இருக்க வேண்டிய குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது.

முட்டியையே அறுத்து எடுத்துவிட்டு இரும்பு வைப்பார்கள் என்று லயத்துக் காலத்திலிருந்து கேட்டு வந்த பயம் எனக்கு. அந்த டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். தொடை எலும்பின் நுனியையும் கெண்டைக்கால் எலும்பின் தலையையும் மெல்லியதாகச் சீவிவிட்டு, உலோக மூடி போட்டு, இரண்டுக்கும் நடுவில் வழுக்குகிற கெட்டி பிளாஸ்டிக் வைப்பார்களாம். நிறைய பேருக்கு அது 15, 20 வருடத்துக்கு மேலும் உழைக்கிறதாம். அவர் மலாயில் சொன்னதை எனக்குப் புரியும்படி தமிழில் சொன்ன மிஸ்ஸிக்கும், அதாவது அந்த வார்டு நர்சுக்கும் நன்றி.

எங்கள் ஊர் கிளினிக் மிஸ்ஸியை நான் மறந்தால் பாவம். எனக்கு இனிப்பு நீர் உண்டு. இரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்காமல் கத்தி வைக்க மாட்டோம் என்று ஈப்போவில் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, புது மூட்டில் கிருமி தங்கிவிடும், அப்புறம் வைத்ததையே எடுக்கும்படி ஆகலாம். அந்தப் பெண் என் சோற்றின் அளவைக் கேட்டாள், தேத்தண்ணியைக் கேட்டாள், ஒவ்வொரு முறையும் விடாமல் கேட்டாள். சொத்தைப் பல்லைக்கூட முன்னாலேயே பிடுங்க வைத்தாள். வாயில் இருக்கிற கிருமி இரத்தத்தோடு போய் மூட்டில் உட்காருமாம்.

பணம் பெரிய மலை. செயற்கை மூட்டின் விலையில் எங்கள் பங்கைக் கட்ட வழியில்லாமல் நின்றபோது, ஆஸ்பத்திரி சமூகநலப் பிரிவில் இருந்த மலாய்க்காரப் புவான் உதவிக்கு விண்ணப்பிக்கிற பாரங்களை எல்லாம் தானே எழுதி நிரப்பிக் கொடுத்தார். பழைய தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி ஐயா வேலை செய்த சான்றுக் கடிதம் எழுதித் தந்தார். மீதியைக் கோயில் கமிட்டி ஏற்றுக்கொண்டது.

நான் பார்த்தே இராத ஒருவரையும் கும்பிடுகிறேன். பேத்தி படித்துச் சொன்னாள். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர், 1962-இல் இடுப்பு மூட்டுக்கு எஃகுக் குமிழும் கெட்டி பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்து ஒட்டிக் காட்டினாராம். அதற்கு முன் அவர் டெஃப்லான் என்ற வேறொரு வழுக்குகிற பிளாஸ்டிக்கை வைத்துப் பார்த்தது தேய்ந்துபோய், அந்த நோயாளிகளுக்கு மறுபடி அறுவை செய்ய வேண்டி வந்ததாம். அப்படியும் விடாமல் செய்தவர். முழங்காலுக்கு அந்த வழி வந்தது பிறகுதான். அந்த 1962-இல் நான் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தவழ்ந்த குழந்தை.

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். உள்ளே தட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்று என் கையை விடவே இல்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள்.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான். பிசியோவில் இருந்த சீனப் பெண் "லாகி சிக்கிட், அம்மா, லாகி சிக்கிட்" (இன்னும் கொஞ்சம், அம்மா, இன்னும் கொஞ்சம்) என்று மலாயில் சொல்லிச் சொல்லி மடக்க வைத்தாள். நான் அழுதேன், அவள் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி மடக்க வைத்தாள். 90 பாகை மடங்கினால்தான் நாற்காலியிலிருந்து ஒழுங்காக எழ முடியும் என்பாள். வீட்டிலே அந்த வேலையைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். எனக்கும் சுகமாக இருக்கும். அக்கா வந்ததும் உருவிவிடுவார். வளைந்தே பழகினால் கால் நேராகாது, குதிகாலுக்கு அடியில்தான் துணியைச் சுருட்டி வைக்க வேண்டும் என்று பிசியோவில் கேட்டு வந்திருந்தார். அந்தக் கண்டிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

குந்துகிற கக்கூசை உட்காருகிற கக்கூசாக மாற்றிக் கைப்பிடி அடித்துக் கொடுத்த கோயில் பையன்களுக்கும், விடியற்காலையில் ஈப்போவுக்கு ஏற்றிப்போய் எண்ணெய்க் காசுகூட வாங்காத வேன் தம்பிக்கும் நன்றி.

தோட்டத்தில் என்னோடு வேலை செய்த அக்கா தங்கச்சிகளே, முட்டி வலியோடு படி ஏற முடியாமல் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். என் காலைத் தொட்டுப் பாருங்கள், என்ன கேட்டாலும் சொல்கிறேன். கிளினிக்குக்குக் கூடவே வருகிறேன்.

இடது முழங்காலுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். தேதி வந்ததும் அக்காவுக்கும் வேன் தம்பிக்கும்தான் முதலில் சொல்வேன்.

நன்றியுடன்,
ஒரு பழைய பால்வெட்டுக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்