மழைக்காட்டு நடைக் குழு: செயலரின் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு, மாதம் ஒன்று என்ற கணக்கில் 12 நடைகளை அறிவித்தோம். 9 நடந்தன. இரண்டை மழை நிறுத்தியது. மீதி ஒன்றுக்கு நாமேதான் காரணம்: தடம் மூடியிருப்பதைக் கிளம்பும் நாள் காலையில்தான் பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலப் பூங்காத் துறை தன் இணையதளத்தில் மூடிய தடங்களையும் எச்சரிக்கைகளையும் வெளியிடுகிறது. அதை முதல் நாள் மாலையும் புறப்படும் காலையும் பார்ப்பது இனி நடைத் தலைவரின் பொறுப்பு.

நடந்த ஒன்பதும் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தின் லமிங்டன், ஸ்பிரிங்புரூக், டம்போரின் தேசியப் பூங்காக்களுக்குள் அடங்கின. செயற்குழு நான்கு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். நன்றாக முடிந்த நடைகளுக்குப் புகைப்படங்களே சாட்சி என்பதால், சரியாக வராதவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நேரக் கணக்கு

நான்கு நடைகள் இருட்டிய பிறகு முடிந்தன. நான்குமே குளிர்காலத்தவை. யாரும் மெதுவாக நடக்கவில்லை. புறப்பட்ட நேரம்தான் தவறு. லமிங்டனில் உள்ள கூமரா சர்க்யூட் என்ற சுற்றுத் தடம் 17.4 கி.மீ. ஊருக்குள் மணிக்கு 4 கி.மீ. நடக்கிறோம், எனவே நாலரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, காலை 10 மணிக்கு மேல் கிளம்பினோம். பூங்காத் துறை அதே தடத்துக்கு 7 மணி நேரம் என்கிறது. துறை சொன்னதே சரி.

லமிங்டன் தடங்களில் ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை. இந்தப் பூங்கா 1915இல் அமையப் போராடியவர்களில் ஒருவரான பொறியாளர் ரோமியோ லாஹி, பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாதபடி தடங்களை வகுத்தார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களின் உழைப்பில் அவற்றில் பல வெட்டப்பட்டன. அதனால் மூச்சு வாங்காது. ஆனால் வேர், ஈரக்கல், சேறு, ஓடை என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மணிக்கு 2.5 கி.மீ. என்பதே நம் குழுவின் உண்மையான வேகம். ஜூன் மாதத்தில் சூரியன் 5 மணி வாக்கில் மறைகிறது. மரக்கூரைக்குக் கீழே 4 மணிக்கே தரை மங்கிவிடும்.

ஆகவே செயற்குழு ஏற்றுக்கொண்ட முறை இது. தடத்தின் நீளத்தை 2.5ஆல் வகுக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வந்தால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். வரும் தொகையைக் குளிர்காலத்தில் மாலை 4 மணியிலிருந்து பின்னோக்கிக் கழித்தால், முதல் அடி வைக்க வேண்டிய நேரம் கிடைக்கும். பத்துப் பேருக்கு மேல் போனால் கூமராவுக்கு இது காலை 8. கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேரும் நேரத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கழிப்பறை, காலணி, பெயர்ப் பதிவு எல்லாம் முடியவே அரை மணி ஆகிறது.

தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று கட்டாயம். கைப்பேசி வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், அவசர அழைப்புக்கு வேண்டிய மின்சாரத்தையும் தின்றுவிடும்.

கூமராவில் தண்ணீர்

லமிங்டனின் பின்னா பர்ரா பகுதியிலிருந்து தொடங்கும் இந்தச் சுற்றில் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கூமரா அருவியின் பார்வைமுனை முதலில் வரும். கடவைகள் அதற்குப் பிறகுதான். முடிவெடுக்க வேண்டிய இடம் அந்தப் பார்வைமுனையே. அருவி பழுப்பாகவும் இரைச்சலாகவும் இருந்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். இரண்டு கடவைகளைத் தாண்டிய பிறகு மனம் மாறினால், அதே இரண்டையும் கூடுதல் தண்ணீரில் மறுபடி கடக்க நேரும்.

முழங்காலுக்கு மேல் ஓடும் நீரிலும், அடி தெரியாத நீரிலும் இறங்குவதில்லை. காலணியைக் கழற்றக் கூடாது. பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். விழுந்தால் பை உங்களை இழுக்காமல் கழன்று போகட்டும். நீர் வரும் திசையைப் பார்த்து, கோலூன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். கல் மேல் கல்லாகத் தாவுவது பார்க்க அழகாக இருக்கும். இவ்வாண்டு நம் குழுவில் மணிக்கட்டு பிசகிய இருவரும் அப்படித் தாவியவர்கள்தான். பச்சைப் பாசி படிந்த கல்லின் தலையில் கால் வைப்பதைவிட, கற்களுக்கு நடுவே தண்ணீரில் கால் வைப்பதே பத்திரம். நீர் ஏறுகிறதா என்ற சந்தேகம் வந்தால், கரை விளிம்பில் ஒரு குச்சியை நட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம்.

மழை விட்டதும் தடத்தின் நடுவில் நீலமும் வெள்ளையுமாக நண்டு போன்ற ஒன்று கொடுக்கைத் தூக்கிச் சீறி வழிமறித்தால் பயப்பட வேண்டாம். அது லமிங்டன் முள் நன்னீர் இறால். ஈரம் கிடைத்தால் ஓடையை விட்டு நடந்து வரும். சுற்றிப் போங்கள், தூக்காதீர்கள்.

பார்டர் ட்ராக்கும் கடிகாரமும்

பின்னா பர்ராவையும் லமிங்டனின் இன்னொரு பகுதியான க்ரீன் மவுண்டன்ஸையும் இணைக்கும் பார்டர் ட்ராக் ஒரு வழிக்கு 21.4 கி.மீ. நடந்து வந்த வழியே திரும்ப முடியாது. இரு முனைகளுக்கும் இடையே சாலையில் போக வேண்டுமானால் கனங்ரா ஊர் வரை இறங்கி மறுபடி மலையேற வேண்டும். இதற்காக இரண்டு அணிகள் எதிரெதிர் முனையில் கிளம்பி, நடுவழியில் கார் சாவிகளை மாற்றிக்கொள்ளும் பழைய முறையைக் கையாண்டோம். கோடையில் அது சொதப்பியது.

இந்தத் தடம் நியூ சவுத் வேல்ஸ் எல்லையை ஒட்டியே ஓடுகிறது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அந்த மாநிலத்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். குவீன்ஸ்லாந்து அந்த மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. முகட்டில் சில கைப்பேசிகள் அந்தப் பக்கத்துக் கோபுரத்தின் அலையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் தாவிவிட்டன. ஓர் அணி, எதிரணி ஒரு மணி நேரம் தாமதம் என்று முடிவுகட்டித் திரும்ப நடந்தது. சாவிகள் மாறவே இல்லை. இரவில் ஒருவர் காரெடுத்து மலையைச் சுற்றி வந்துதான் எல்லாரையும் சேர்த்தார்.

தீர்வு இரண்டு. கைப்பேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துப் பிரிஸ்பேன் நேரத்தை நிலையாக வைப்பது. மாற்றுச் சாவிகளை முதல் நாளே இரு அணியும் பரிமாறிக்கொள்வது. இரண்டாவதைச் செய்துவிட்டால் நடுவழிச் சந்திப்பு வெறும் தேநீர் இடைவேளைதான், தவறிப்போனாலும் நட்டமில்லை.

காட்டில் உடம்புக்கு வருபவை

அட்டையைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் கேட்கிறார்கள். கவலைப்பட வேண்டியவற்றில் அதற்குக் கடைசி இடம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, அதன்மேல் பூச்சிவிரட்டி தெளித்தால் பெரும்பாலும் ஏறாது. ஏறினால் உறிஞ்சும் முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, எனவே சிறு கடிவாய் நெடுநேரம் கசியும். கழுவி, பஞ்சு வைத்து அழுத்தினால் போதும்.

உண்ணி அப்படியல்ல. இப்பகுதியில் பக்கவாத உண்ணி உண்டு. இடுக்கியால் நசுக்கிப் பிடுங்கினால் அதன் எச்சில் உடம்புக்குள் போகும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிராபத்தாகலாம். பெரிய உண்ணியை மருந்துக்கடையில் கிடைக்கும் ஈதர் கலந்த தெளிப்பானால் உறைய வைத்து, தானாக விழும்வரை விட வேண்டும். கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டி உண்ணிகளுக்குப் பூச்சிகொல்லி மருந்தான பெர்மெத்ரின் களிம்பு. ஏற்கெனவே ஒவ்வாமை கண்டவர்கள் அதைத் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வீடு திரும்பியதும் காதுமடலின் பின்புறம், தலைமுடி, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்.

அடுத்தது ஸ்டிங்கிங் ட்ரீ. காஞ்சொறியை அறிந்தவர்கள் அதை மரமாக வளர்த்துக் கற்பனை செய்துகொள்ளலாம். இதய வடிவத்தில் பெரிய இலை, பூச்சி தின்ற ஓட்டைகள், மெல்லிய மயிர்ப்பூச்சு. மயிர் ஒவ்வொன்றும் தோலுக்குள் முறிந்து தங்கும் சிலிக்கா ஊசி. வலி வாரக்கணக்கிலும் நீடிக்கலாம். வெளிச்சம் விழும் இடத்தில்தான் இது முதலில் முளைக்கிறது. 2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் வந்துபோன பிறகு இம்மலைகளில் மரங்கள் விழுந்து கூரை திறந்த இடங்கள் கூடியிருக்கின்றன. எனவே விழுந்த மரத்தைச் சுற்றிப் போகும்போது கையால் செடிகளை விலக்கக் கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், முடி அகற்றும் மெழுகுப் பட்டையையோ ஒட்டுநாடாவையோ அழுத்தி இழுத்தால் ஊசிகள் ஓரளவு வெளியே வரும். முதலுதவிப் பையில் நான்கு மெழுகுப் பட்டைகள் சேர்த்திருக்கிறோம்.

பிரம்புக் கொடி சட்டையைப் பிடித்தால் முன்னால் இழுக்காமல் ஓரடி பின்னால் வாருங்கள். கொக்கிகள் தாமே கழலும். இதற்கு இங்கே வழங்கும் ‘வெயிட் எ வைல்’ என்ற பெயரே போதுமான அறிவுரை.

லமிங்டனில் நச்சுள்ள ரஃப் ஸ்கேல்ட் பாம்பு உண்டு. கடித்த இடத்தைக் கழுவக் கூடாது, கடிபட்டவர் ஓரடியும் நடக்கக் கூடாது. அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை அந்தக் கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, கோல் வைத்துக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். ஒரு காலுக்கு ஒரு பேண்டேஜ் போதவில்லை என்பதைப் பயிற்சி வகுப்பில் கண்டோம். இனி ஆளுக்கு இரண்டு. அவசர எண் 000. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி அலை கிடைக்காது என்பதால், செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் பீக்கன் ஒன்றைச் சங்கம் வாங்கியிருக்கிறது.

சேறு

ஒரு மலையின் சேற்றை இன்னொரு மலைக்குக் கொண்டுபோவது நம்மைப் போன்ற குழுக்கள் செய்யும் பெரிய கெடுதல். வேரை அழுகச் செய்யும் ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர் மண்ணோடு ஒட்டிப் பயணிக்கும். சேற்றின் மேலேயே மருந்து தெளித்தால் அது உள்ளே போகாது. முதலில் தூரிகையால் அடிப்பள்ளங்களைச் சுரண்டுங்கள், பிறகு 7 பங்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் 3 பங்கு தண்ணீரும் கலந்து தெளியுங்கள். வளைந்து வளைந்து போகும் தடங்களில் குறுக்கே இறங்குவதும் வேண்டாம். அந்த வளைவுகளைக் குறுக்கே வெட்டினால் மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும்.

பிற நடைகள்

ஸ்பிரிங்புரூக்கில் பர்லிங் புரூக் அருவியின் 4 கி.மீ. சுற்றை வலஞ்சுழியாகப் போனால் படிகள் எளிதாகும். டம்போரினில் விட்சஸ் ஃபால்ஸ் சென்றோம். 1908இல் அறிவிக்கப்பட்ட அது குவீன்ஸ்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. பெயரை நம்பி அருவியை எதிர்பார்த்தவர்களுக்கு வறண்ட மாதத்தில் கசிவுதான் கிடைத்தது. க்ரீன் மவுண்டன்ஸிலிருந்து டூலோனா சர்க்யூட்டில் அண்டார்க்டிக் பீச் மரங்களைக் கண்டோம். தாய்மரம் மறைந்த பின்னும் அதன் அடியிலிருந்து கிளைத்த தண்டுகள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் வெறும் பாசி.

ஸ்பிரிங்புரூக் பூங்காவின் நேச்சுரல் பிரிட்ஜ் குகைக்குப் போன மாலை நடையில் நம்மவர்கள்மேல் மற்றப் பார்வையாளர்கள் குறைப்பட்டார்கள். நியாயம்தான். குகையில் ஒளிரும் மின்புழுக்கள் மேல் விளக்கடித்தால் அவை ஒளியை அணைத்துவிடும், மீண்டு வர நேரமாகும். குகைக்குள் விளக்கு, ஃபிளாஷ், பூச்சிவிரட்டி மூன்றும் கூடாது.

வரும் ஆண்டு

ஒன்பது நடைகளே போதும் என்பது செயற்குழுவின் கருத்து. கூமராவை மழை குறைந்த ஆகஸ்டுக்கு மாற்றியிருக்கிறோம். பார்டர் ட்ராக் ஜூலையில், 15 பேருக்குமேல் இல்லை. செல்லப்பிராணிகளுக்குப் பூங்காக்களில் அனுமதி இல்லை என்பதை இந்த ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கத்தின் எலாஸ்டிக் பேண்டேஜ் மூன்றும் சிவப்புத் தலைவிளக்கு ஒன்றும் இன்னும் யாரிடமோ இருக்கின்றன. ஜூலை நடைக்கு முன் பொருளாளரிடம் சேர்க்கவும். தலைவிளக்கிலிருந்து மின்கலத்தைக் கழற்றித் தரவும், சென்ற முறை உள்ளேயே கசிந்து ஒன்று வீணாகிவிட்டது.

செயலர்