அந்தச் சுவர் நீலம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கா அருங்காட்சியகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஓவியரின் வாழ்க்கையையும் படங்களையும் பிரிக்காமல் சேர்த்தே சொன்னது நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு இடங்கள் வாசகரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். ‘படுக்கையறை’ படத்தின் கீழே, நீலச் சுவர்கள் ஓவியரின் தனிமையைக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னோரிடத்தில், காகிதத்தில் வரைந்த படங்கள் இருக்கும் அறைகளில் விளக்கு மங்கலாக இருப்பதாகக் கட்டுரையாளர் குறைப்படுகிறார். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்: வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும்.

வான்கா அந்தச் சுவருக்கு நீலம் பூசவில்லை. 1888 அக்டோபர் 16-ஆம் தேதி தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த அறையை மையால் சிறிதாக வரைந்து அனுப்பினார். மைக்கோட்டில் நிறம் தெரியாது என்பதால் ஒவ்வொரு நிறத்தையும் சொல்லால் எழுதினார். நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது. சுவர் வெளிர் ஊதா, நம் பேச்சில் சொன்னால் கத்தரிப்பூ நிறம். தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள். போர்வை பளீர்ச் சிவப்பு, ஜன்னல் பச்சை. கதவுகளும் கத்தரிப்பூ நிறச் சாயல்தான். இந்த நிறங்கள் எல்லாம் சேர்ந்து ஓய்வையும் உறக்கத்தையும் உணர்த்த வேண்டும் என்பதே அவர் எழுதிய நோக்கம். தனிமை என்ற பேச்சே அங்கில்லை.

பிறகு ஊதா எங்கே போயிற்று? சுவருக்கு அவர் கலந்தது நீலம், வெள்ளை, கூடவே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு நிற்கவில்லை. அப்படி நிற்காத சிவப்புகளில் ஒன்று, அவர் காலத்தில் ‘ஜெரேனியம் லேக்’ என்று குழாயில் விற்ற, அவருக்குப் பிடித்தமான வண்ணம். அதன் மூலப்பொருள் ஈயோசின் என்ற சாயம். சிவப்பு மை செய்யப் பயன்பட்ட அதே பொருள். சாயம் நீரில் கரையும், எண்ணெயில் அரைத்துப் பூச உதவாது. அதனால் அதை ஒரு வெள்ளைப் பொடியின் மேல் படியவைத்து நிறமியாக்குவார்கள். இப்படிச் செய்ததுதான் லேக். பூசிய நாளில் கண்ணைப் பறிக்கும். வெளிச்சம் படப்பட வெளுத்துக்கொண்டே போகும். வெள்ளையோடு எவ்வளவு அதிகமாகக் கலக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வெளுக்கும். வெளிர் ஊதாச் சுவரில் நடந்தது இதுதான். சிவப்பு போயிற்று, நீலம் தங்கிவிட்டது.

கொடியில் நாள்கணக்கில் கிடந்த சேலையின் மடிப்பை விரித்துப் பாருங்கள். வெயில் பட்ட பக்கம் சாயம் வெளுத்திருக்கும், மடிப்புக்குள் வாங்கிய அன்றைய நிறம் அப்படியே இருக்கும். பழைய ஓவியங்களிலும் சட்டத்தின் விளிம்பு மறைத்த ஓரத்தில், தடித்த பூச்சின் அடியில், இப்படிப் பழைய நிறம் தப்பியிருப்பதுண்டு. கண்ணுக்கு எதுவும் மிஞ்சாத இடத்திலும் தடயம் கிடைக்கும். ஈயோசினில் புரோமின் இருக்கிறது. நிறம் அழிந்தாலும் புரோமின் படத்திலேயே கிடக்கும். படத்தைத் தொடாமல் எக்ஸ் கதிர் கொண்டு அது எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடமாக எடுத்துவிடலாம்.

1890 மே மாதம் வரைந்த ஐரிஸ் மலர்ப் படங்களுக்கும் இதே கதிதான். ஆம்ஸ்டர்டாமில் இருப்பதில் ஊதா மலர்கள் நீலமாகிவிட்டன. நியூயார்க்கில் இருப்பதில் இளஞ்சிவப்புப் பின்னணி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. ‘சூரியகாந்தி’யில் சிக்கல் வேறு. குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேட். அதில் கந்தகம் சேர்ந்த இளமஞ்சள் வகை வெளிச்சத்தில் வேதிமாற்றம் அடைந்து பழுப்பேறும். லேக் வெளுக்கிறது, இது கறுக்கிறது.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. புதிய வண்ணங்கள் நிலைக்காதவை, காலம் அவற்றை மட்டுப்படுத்திவிடும், ஆகவே இப்போதே அழுத்தமாகப் பூசிவிட வேண்டும் என்று 1888 ஏப்ரலில் தியோவுக்கு எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபின் அவருடைய நிறங்களை மிகை என்று சொல்ல மனம் வராது. ஊதாச் சுவரும் மஞ்சள் கட்டிலும் நிறச்சக்கரத்தில் எதிரெதிர் இணை. அந்த இணையின் மேல்தான் படம் நின்றது. ஊதா போனதும் அந்தக் கட்டுமானமே மாறிவிட்டது.

இனி மங்கலான விளக்கு. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக வைக்கும் வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). எண்ணெய் ஓவியங்களுக்கு 150 முதல் 200 வரை போகலாம். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது. இருட்டில் வைத்தால் நிற்குமே தவிர, போனது திரும்பாது. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. உச்சிவெயிலின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது மொட்டைமாடியில் ஒன்றேகால் மணி நேரம் கிடந்தால் ஓராண்டுக் காட்சியின் வெளிச்சத்தை அந்தக் காகிதம் வாங்கிவிடும். அதனால்தான் அவற்றைச் சில மாதம் காட்டிவிட்டு நீண்ட நாள் இருட்டில் வைக்கிறார்கள். போகிறவர்கள் கைபேசித் திரையைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் அந்த அறையில் நின்றால் போதும், கண் பழகிக் கோடுகள் துலங்கும்.

நம் ஓவிய மாணவர்கள் இந்தப் படத்தை நீலச் சுவரோடு நகல் எடுப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கத்தரிப்பூ நிறத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். ஆனால் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் என்ற வண்ணம் வேண்டாம். குழாயின் பின்புறம் நிறமியின் குறியீடு பி.ஆர். 83 என்றிருந்தால் அது அலிசரின், அதுவும் வெளுக்கும். பி.வி. 19 என்று குறித்த குவினாக்ரிடோன் என்ற நிறமி வெளுக்காமல் நிற்கும். சந்தேகமிருந்தால் சோதித்துவிடலாம். கேன்வாஸ் போர்டுத் துண்டில் மூன்று பட்டைகள் பூசுங்கள்: தனி வண்ணம், ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெள்ளை, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெள்ளை. மெல்லிய பூச்சாக இருக்கட்டும். தடித்தால் மேல்தோல் மட்டும் காயும். இரண்டு வாரம் உலரவிட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, தேதி எழுதி, வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள். வெள்ளைத் தாளால் மூடினால் வெளிச்சம் ஊடுருவி ஒப்பீடே கெட்டுவிடும். மூன்று மாதம் கழித்துத் தாளை எடுங்கள். மோசமான வண்ணம் என்றால் பத்துப் பங்குப் பட்டைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ‘படுக்கையறை’ ஒன்றல்ல, மூன்று. 1888 அக்டோபரில் ஆர்ல் நகரில் வரைந்தது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அது ஈரத்தில் பழுதானதால், 1889 செப்டம்பரில் சான்-ரெமியில் ஏறக்குறைய அதே அளவில் வரைந்தது சிகாகோவில் இருக்கிறது. அம்மாவுக்கும் தங்கைக்கும் என்று சிறியதாக வரைந்தது பாரிஸில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்பக்கச் சுவரில் மாட்டிய இரண்டு முகப்படங்கள் படத்துக்குப் படம் மாறும். 2016-இல் மூன்றையும் சிகாகோவில் ஒன்றாக மாட்டியபோது, ஊதாச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கணினியில் மீட்டுக் காட்டினார்கள். அடுத்த முறை அச்சிடும்போது எந்தப் படம், எந்த ஆண்டு, எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் போட்டு, சுவர் முதலில் வெளிர் ஊதா என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.