உடைந்துபோன அச்சு: சுகாதாரத் துறைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். கால் இழந்த மலையக மக்கள் ஒரு செயற்கைக் காலுக்காக எத்தனை முறை மலையிறங்க வேண்டியிருக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல. ஆகவே சென்ற மாதம் எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லி, ஒரேயொரு கோரிக்கையை முன்வைக்கிறேன்: காலுக்கு அளவெடுக்கும் வேலையை மலைக்குக் கொண்டுவாருங்கள்.

என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) பாதத்தில் வந்த புண் ஆறாமல், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. காலை எடுத்த பிறகு வீக்கம் வற்றி, தசை சுருங்கி, எஞ்சிய காலின் வடிவம் ஒரு வருடத்துக்கு மேலாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் கொடுத்த கால் சில மாதங்களிலேயே தளர்ந்துவிட்டது. உள்ளே மூன்று காலுறைகளைப் போட்டும் அது நிற்கவில்லை. நாங்கள் வாழும் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வீதிக்கு இறங்க அறுபத்திநான்கு கற்படிகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் பாசி படிந்திருக்கும் அந்தப் படிகளில், தளர்ந்த காலோடு அம்மா பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் கையை ஊன்றி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார்.

புதிய கால் செய்வதற்காக பிளாஸ்டர் சுற்றி அளவெடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். குறித்த நாளில் அதிகாலை இரண்டு மணிக்கு அம்மாவை முதுகில் சுமந்து படியிறங்கி, ஆட்டோவில் ஹற்றனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பதினொரு மணியளவில்தான், அம்மாவின் காலுக்கு அளவெடுத்த பிளாஸ்டர் அச்சு உடைந்துவிட்டது என்றும், மறுபடி சுற்ற வேண்டும் என்றும், சுற்றுபவர் அன்று வரவில்லை என்றும் சொன்னார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "சுண்ணாம்புல செஞ்ச காலும் ஒடஞ்சி போச்சாய்யா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த நிலையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்குள்ளவர்கள் குறைந்த வசதியில் மிகுந்த பொறுமையோடு வேலை செய்கிறார்கள். என் கோபம் அவர்கள் மீதல்ல. ஒரு மனிதரின் காலளவு முழுவதும் உடையக்கூடிய ஒரே ஒரு பிளாஸ்டர் கட்டியில் தங்கியிருப்பதும், அது உடைந்தால் அந்த மனிதரே மறுபடி மலையிறங்க வேண்டியிருப்பதும்தான் என் கோபத்துக்குக் காரணம். இன்று அதற்கு மாற்று இருக்கிறது. கையில் பிடிக்கும் முப்பரிமாண ஸ்கேனர் ஒளியைப் பாய்ச்சி, எஞ்சிய காலின் வடிவத்தைச் சில நிமிடங்களில் கணினிக் கோப்பாகப் பதிவுசெய்கிறது. பிளாஸ்டரைப் போல் நனைக்கவோ காயவைக்கவோ வேண்டியதில்லை. கோப்பை இணையத்தில் எங்கும் அனுப்பலாம். ஆறு மாதம் கழித்துக் கால் சுருங்கினால் புதிதாக ஸ்கேன் செய்து பழைய கோப்போடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்கலாம்.

இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனர் தோலின் வடிவத்தைத்தான் காண்கிறது; உள்ளே எலும்பு எங்கே முட்டுகிறது, தசை எங்கே இளகியிருக்கிறது என்பதைத் தேர்ந்த ஒருவர் கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும். முழங்காற் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாண் பாரம் தாங்கும். முன்கால் எலும்பின் விளிம்பு தாங்காது. அந்த இடங்களை இறுக்கியும் தளர்த்தியும் கணினியில் திருத்துவதற்கு, கொழும்புக்கு அருகே ராகமையில் செயற்கை அவயவத் துறையைக் கற்று வெளிவரும் இளைஞர்கள்தான் வேண்டும். எஞ்சிய கால் உள்ளே பொருந்தும் கிண்ணத்தைக் கோப்பிலிருந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிடுவதிலும் கவனம் தேவை. மலிவான பிளாஸ்டிக்கில் அடுக்கடுக்காக அச்சிட்ட கிண்ணம் அடுக்குகளுக்கு இடையே பிளந்துவிடலாம். உடற்பாரம் தாங்குமா என்று சோதிக்காமல் யாருடைய காலிலும் அதை மாட்டக் கூடாது. அதனால்தான் அச்சு இயந்திரத்தைவிட ஸ்கேனரையே நான் முதலில் கேட்கிறேன். கோப்பு கையில் இருந்தால், கிண்ணத்தை அச்சிட்டாலும் சரி, கோப்பிலிருந்து அச்சு செதுக்கி வழக்கம்போல் பொலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கிப் போர்த்தினாலும் சரி. செயற்கைப் பாதத்தையும், அதைக் கிண்ணத்தோடு இணைக்கும் தண்டையும் இப்போதுபோலவே பொருத்தலாம்.

இது பணக்கார நாடுகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. உகண்டாவிலுள்ள கோர்சு மருத்துவமனையில், டொரொன்டோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, முழங்காலுக்குக் கீழே பொருத்தும் கிண்ணங்களை இந்த முறையில் செய்து பார்த்திருக்கிறார்கள். நமக்கு அருகிலேயே பேராதனையில், ஒரே பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. இந்த முயற்சியில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. மறுவாழ்வுச் சேவைகள் மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில், கிராமப்புறங்களிலும் கிடைக்க வேண்டும் என்று அதன் 26ஆம் உறுப்புரை சொல்கிறது. எங்கள் லயத்துக்கு அருகில் இருப்பது, மருந்து தீர்ந்துபோகும் ஒரு தோட்ட டிஸ்பென்சரி மட்டுமே. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் நாட்டுக்கு மின்சாரமாகப் போகிறது. நாங்கள் பறிக்கும் கொழுந்து கப்பலேறிப் போகிறது. மலையிலிருந்து இத்தனையும் இறங்கிப் போக, மேலே ஏறி வருவதற்கு மட்டும் ஏன் எதற்கும் வழியில்லை? ஒரு நாள் பேர் (வேலைக்கு வந்ததற்கான பதிவு) விழாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. அம்மாவோடு துணைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என் அக்காவின் ஒரு நாள் பேர் போகிறது. இதற்குள் ஐந்து முறை போய்விட்டது.

பேச்சு நீண்டுவிட்டது, மன்னியுங்கள். நான் புதிய கட்டடம் எதையும் கேட்கவில்லை. ஹற்றன், நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களில் ஏற்கெனவே இயங்கும் மருத்துவமனைகளுக்கு, மாதத்தில் ஒரு நாளாவது, ஒரு ஸ்கேனரோடும் மடிக்கணினியோடும் தமிழ் பேசத் தெரிந்த ஒரு தொழில்நுட்பவியலாளரை அனுப்பிவையுங்கள். அளவு மலையில் எடுக்கப்படட்டும். கோப்பு கீழே போகட்டும். கால் உருவாகிய பின், போட்டுப் பார்க்க மட்டும் ஒருமுறை நாங்கள் இறங்கி வருகிறோம்.

அம்மாவை மறுபடி பிளாஸ்டர் சுற்றுவதற்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் போவோம். அந்த நாளுக்கு முன் உங்களிடமிருந்து ஒரு பதில் வர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றின் பாடசாலை ஆசிரியர்