உங்கள் சோளக்காட்டுக் குருவி பாடுகிற ஊர்

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? அக்காவின் முழங்கால் வலியைப் பற்றி அக்காவிடமே கேட்டுக்கொள்கிறேன். இது உங்களுக்கு மட்டும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் புனே பக்கத்துச் சோள வயலிலிருந்து ஒரு படம் அனுப்புவீர்கள். கதிர்மேல் ஒரு கூட்டம் குருவி, பாதிக்குமேல் மண் நிறம், நடுநடுவே கொஞ்சம் மஞ்சள். கீழே ஒரு வரி: "வந்துட்டாங்க, ஊமைக் கூட்டம்." கருந்தலை பண்டிங். பேர்தான் கருந்தலை, தலையைப் பார்த்தால் சாம்பல் பூசினாற்போல இருக்கிறது என்று அலுத்துக்கொள்வீர்கள். அந்த ஊமைக் கூட்டத்தின் சொந்த ஊருக்குத்தான் போய் வந்தோம்.

லெஸ்போஸ் தீவு. கிரேக்கத்துக்குச் சொந்தம், ஆனால் கண்ணுக்கு எதிரே தெரிவது துருக்கி. குறுகலான இடத்தில் நடுவில் இருப்பது சுமார் 10 கிலோமீட்டர் கடல். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை எட்டு நாள். அவர், ஐந்து வயது மகள், மாமியார், நான். நாலு பேரில் பறவை பார்க்கிற கிறுக்கு எனக்கு மட்டும்தான். அதனால் கிளம்பும் முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். காலை எட்டு மணி வரை என் நேரம். எட்டுக்குமேல் பைனாகுலர் கழுத்தில் தொங்கலாம், கண்ணுக்குப் போகக்கூடாது. இரண்டாவது ஷரத்தை நான் முதல் நாளே மீறிவிட்டேன்.

மீறாமல் என்ன செய்வது? தங்கியது ஸ்காலா கலோனியில். கலோனி வளைகுடாவின் கரையில், மத்தி மீனுக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உப்பளம். கோடியக்கரையில் நீங்கள் காட்டிய அதே காட்சி: வெள்ளை உப்புக் குவியல், அதற்கு முன்னால் ஆழமில்லாத தண்ணீர், தண்ணீரில் பூநாரை. பவளக்கால் உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் காலுக்கடியிலேயே கத்துகின்றன. மின்கம்பியில் சிவப்புக் கால் கொண்ட குட்டி வல்லூறுகள், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவை, நம்மூர்க் கரிச்சான் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஓடைப் பக்கம் போனால் நம் மடையானின் பங்காளி ஒன்று நாணலுக்குள் முதுகைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது. எட்டரைக்குத் திரும்பினேன். தட்டில் முட்டை ஆறிப்போயிருந்தது, மாமியார் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் வானிலை கெட்டது. வடக்கிலிருந்து காற்று, விடிய விடிய மழை. வீட்டில் எல்லார் முகமும் தொங்கிப்போச்சு. உங்களுக்குத் தெரியும், வெயில் அடித்தால் சுற்றுலாவுக்கு நல்லது, பறவைக்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. வசந்தத்தில் வடக்கே போகிற சின்னப் பறவைகள் பெரும்பாலும் ராத்திரியில் கடலைத் தாண்டுகின்றன. வானம் தெளிவாக, காற்றும் தோதாக இருந்தால் தீவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலேயே போய்விடும். எதிர்காற்றும் மழையும் வந்தால்தான் கண்ணில் பட்ட முதல் தரையில் இறங்கும். அன்று காலை விடுதிக் கொல்லையில் இருந்த ஒரே ஒரு அத்தி மரத்தில் ஈப்பிடிப்பான்கள், கீச்சான் இரண்டு, உச்சியில் நனைந்த மாங்குயில். அப்புறம் ஒன்பது மணிக்கு மேகம் விலகியதும், தலைக்கு மேலே பஞ்சுருட்டான் கூட்டம், அந்தத் தண்ணீர் உருளுகிற மாதிரியான குரலோடு. நான் மழைக்கோட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்ததை அவர் ஜன்னலிலிருந்து படம் எடுத்திருக்கிறார். குடும்பக் குழுவில் போட்டுவிட்டார், பார்த்திருப்பீர்கள்.

இந்த வளைகுடாவுக்கு ஒரு பழைய வாடிக்கையாளர் உண்டு. அரிஸ்டாட்டில். கி.மு. 345 வாக்கில் இந்தத் தீவுக்கு வந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் இருந்தார். இதே தண்ணீரில் கிடைத்த மீனையும் கணவாயையும் கிளிஞ்சலையும் பார்த்துப் பார்த்துத்தான் விலங்குகளைப் பற்றி அவ்வளவு எழுதினார். மீனில் கெட்டிக்காரர். குருவியில்தான் சறுக்கிவிட்டார். கோடையில் காணும் ரெட்ஸ்டார்ட்தான் குளிர்காலத்தில் ராபினாக மாறிவிடுகிறது என்று எழுதிவைத்தார். ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது மற்றொன்று வருகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

அதற்கு முன் மாமியார் கதை. அக்லதேரி என்ற இடத்தில் பைன் காடு. கிரூப்பர் நட்ஹாட்ச் என்று ஒரு குட்டிப் பறவை, நம் பசையெடுப்பானுக்கு உறவு, மார்பில் செங்காவிப் பொட்டு. துருக்கிதான் அதன் முக்கிய வீடு. கிரேக்க நாட்டில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை, லெஸ்போஸில் மட்டும்தான். அதைப் பார்க்கவென்றே முக்காலியும் டெலஸ்கோப்புமாக ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் போனது ஒப்பந்தப்படி வெறும் மதியச் சாப்பாட்டுக்கு. கிரேக்கத் தயிரில் பிசைந்த தயிர்சாதம் (புளிக்கவே இல்லை, உப்பு கூடப் போட வேண்டியிருந்தது). நான் கழுத்து வலிக்க மர உச்சியையே தேடிக்கொண்டிருந்தேன். மாமியார் கையில் ஊறுகாயோடு, "அந்தப் பட்ட மரத்துல ஒரு பொந்து இருக்கே, அதுக்குள்ள ஒண்ணு போயிப் போயி வருது, அதுவா பாரு" என்றார்கள். அதேதான். பட்டுப்போன பைன் தண்டில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வாய் நிறையப் புழுவோடு. பக்கத்தில் நின்ற டெலஸ்கோப்காரர் மாமியாருக்குக் கை கொடுத்தார். அன்றிலிருந்து எட்டு மணி ஷரத்து செல்லாக்காசாகிவிட்டது. "சீக்கிரம் கிளம்பு, வெயில் ஏறிடப் போவுது" என்று என்னை எழுப்பியதே அவர்கள்தான்.

ஆறாம் நாள் மேற்கே சீக்ரி பக்கம் போனோம். அவருக்குக் கல்மரங்கள் பார்க்க வேண்டும், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான காடு. மரங்கள் நன்றாகத்தான் இருந்தன. பாதைதான் பொட்டல், ஒரே வளைவு. ஐந்தாறு வளைவு தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து "அம்மா, வயித்தைப் பிரட்டுது". அவசரமாக ஓரங்கட்டி, குழந்தையைக் குனிய வைத்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தலைக்கு மேலே கம்பியில் யாரோ பாடுகிறார்கள். முதலில் இரண்டு மூன்று கரகரப்பான சொடுக்கு, அப்புறம் மளமளவென்று சரிந்து இறங்குகிற ஒரு வரி. நிமிர்ந்து பார்த்தால் மை போலக் கறுத்த தலை, எலுமிச்சை மஞ்சள் நெஞ்சு, செம்மண் முதுகு.

ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை, அத்தான். பத்து வருஷமாக உங்கள் படத்தில் பார்த்த குருவி. அரிஸ்டாட்டிலாக இருந்தால் இது வேறொன்று, குளிர்காலத்தில் அதுவாக மாறிவிடும் என்றுதான் நானும் எழுதியிருப்பேன். தீவுக்கு வருகிற மற்றவர்களில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறார்கள். இவர் உங்கள் பக்கத்திலிருந்து, ஈரான், துருக்கி என்று தரைவழியாக வந்து சேர்ந்திருக்கிறார். வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அதற்குள் கம்பியில் இடம் பிடித்து, அடுத்த கம்பத்துக்காரரோடு போட்டிப் பாட்டு.

போனில் பதிவு செய்திருக்கிறேன், நாற்பது நொடி, இத்துடன் அனுப்புகிறேன். முதல் பத்து நொடி என் மகளின் வாந்தி, அதற்கடுத்து அவர் "தண்ணி எங்க வெச்ச?" என்று கத்துவது. அதைத் தாண்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சினி