வீடியோ கேம் பேஸ்பாலும் மறைத்து வைத்த சூத்திரங்களும்

ஆசிரியருக்கு,

பேஸ்பால் வீடியோ கேம்களில் இப்போது ஓ.பி.எஸ். (பேட்டரின் திறனைச் சொல்வது), எஃப்.ஐ.பி. (பந்து வீசும் பிட்சரின் திறனைச் சொல்வது), வார் (சாதாரண மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்பது) என்று எண்கள் குவிகின்றன. நல்லதுதான், ஆனால் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று நான் ஆடும் கேமில் ஒரு வரிகூட இல்லை. ஓ.பி.எஸ். சுலபம், ஆன்-பேஸ் சதவீதத்தோடு (பேட்டர் எத்தனை முறை அவுட்டாகாமல் பேஸை அடைகிறார்) ஸ்லக்கிங் சதவீதத்தை (அடியால் சராசரியாக எத்தனை பேஸ் எடுக்கிறார்) கூட்டினால் சரி. எஃப்.ஐ.பி.தான் தகராறு. பிட்சர் விட்ட ஹோம் ரன்களை 13ஆலும், வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) எண்ணிக்கையையும் பேட்டர் மேல் பந்து பட்டதையும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்டிரைக்அவுட்களை (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை அவுட்டாக்கியதை) 2ஆல் பெருக்கிக் கழித்து, வீசிய இன்னிங்ஸால் வகுத்து, அப்புறம் ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். லீக்கின் சராசரி இ.ஆர்.ஏ.வும் (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்ட ரன்கள்) சராசரி எஃப்.ஐ.பி.யும் ஒன்றாக வருவதற்காகத்தான் அந்த மாறிலி. அமெரிக்க மேஜர் லீக்கில் பொதுவாக 3ஐ ஒட்டி இருக்கும். ரன் மழை கொட்டும் கேம் லீக்கிலும் அதே எண்ணை ஒட்டவைத்தால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும். அந்த லீக்கில் நடந்த ஆட்டங்களிலிருந்தே அதைக் கணக்கிட வேண்டும், கம்ப்யூட்டருக்கு இது ஒரு வேலையே இல்லை. வார் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பிட்சர்களுக்கு அவர்கள் விட்ட ரன்களை வைத்து பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளமும், எஃப்.ஐ.பி.யை வைத்து ஃபேன்கிராஃப்ஸ் தளமும் கணக்கிடுகின்றன, அதனால் ஒரே பிட்சருக்கு இரண்டு விடை வரும். கேம் எந்த வழியில் போகிறது? தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே சூத்திரத்தைப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்